பள்ளியில் அமைதிச் சிற்பக் கண்காட்சி நடத்த என்னென்ன தயாரிப்புகள் வேண்டும்?

"அமைதியைக் கருவாகக் கொண்ட பயணச் சிற்பக் கண்காட்சி எங்கள் பள்ளியில் ஒரு வாரமும், அப்புறம் சமூகக் கூடத்தில் ஒரு வாரமும் இருக்கப்போகிறது. பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கதவிலிருந்து தொடங்குங்கள். நான் ஓவிய ஆசிரியர். இப்படிப்பட்ட கண்காட்சியைப் பள்ளியில் இரண்டு முறையும் ஒரு நூலக மண்டபத்தில் ஒரு முறையும் நடத்தியிருக்கிறேன். முதல் முறை வாசலின் அகலத்தை மட்டும் அளந்து அனுப்பினேன். பெட்டி வாசலில் நுழைந்துவிட்டது, தாழ்வாரம் திரும்பும் இடத்தில் மாட்டிக்கொண்டது. மழை வரும்போல இருட்டிக்கொண்டிருந்த சாயங்காலத்தில் முற்றத்தில் வைத்தே பிரிக்க வேண்டியதாயிற்று. சிற்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் லாரி நிற்கும் இடத்திலிருந்து பீடம் வரைக்கும் அளவு நாடாவும் கையுமாக ஒருமுறை நடந்து பாருங்கள். வாசல், திருப்பம், படி, லிஃப்ட், தாழ்வாகத் தொங்கும் விளக்கு எதையும் விடாதீர்கள். சிற்பத்தின் எடை எவ்வளவு, பெட்டியோடு சேர்த்து எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். மாடியில் வைப்பதாக இருந்தால் தளம் தாங்குமா என்று பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது காகித வேலை. சலிப்பாக இருக்கும், ஆனால் உங்களைக் காப்பாற்றுவது அதுதான். பெட்டியைத் திறந்ததும், முதல் வேலையாக ஒவ்வொரு சிற்பத்தையும் நாலு பக்கமும் படம் எடுத்து, ஏற்கெனவே இருக்கும் கீறல், உரிந்த வண்ணம், ஆட்டம் காணும் இடம் எல்லாவற்றையும் நிலை அறிக்கையில் எழுதி, கொண்டுவந்தவரும் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். காப்பீட்டில் பலர் கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான்: இரண்டு இடங்களுக்கும் நடுவில் இருக்கும் பயணம். பள்ளியிலிருந்து கூடத்துக்குக் கொண்டுபோகும் அந்த ஒரு மணி நேரத்துக்கு யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும்.

மேடையில் வைக்காதீர்கள். சிற்பம் என்பது சுற்றி வந்து பார்க்க வேண்டியது. மேடையில் ஏற்றிவிட்டால் அது வெறும் படமாகிவிடுகிறது. சக்கர நாற்காலி தாராளமாகத் திரும்பும் அளவுக்கு நாலு பக்கமும் இடம் விடுங்கள். பீடம் உள்ளே வெற்றிடமான மரப்பெட்டியாக இருந்தால் அடியில் மணல் மூட்டைகளைப் போடுங்கள். பிள்ளைகள் சாய்வார்கள், ஒருவரையொருவர் தள்ளுவார்கள், அதைத் தடுக்க முடியாது.

தொடுவது பற்றி முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். கை வியர்வையில் இருக்கும் உப்பு வெண்கலத்தில் கறையாகப் படியும் என்பதால், பெரும்பாலும் தொடக் கூடாது என்பார்கள். ஆனால் ஒரே ஒரு சிற்பத்தையாவது, அல்லது அதன் நகலையாவது, தொட அனுமதி கேட்டுப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்தது, ஒன்றையொன்று பிடித்திருக்கும் இரண்டு கைகளின் சிற்பம். பார்வை குறைந்த மாணவி ஒருத்தி அதை வெகுநேரம் தடவிப் பார்த்தாள். பிறகு, "சார், இந்தக் கைதான் பிடிச்சிருக்கு. இன்னொண்ணு சும்மா இருக்கு" என்றாள். அதுவரை எங்களில் ஒருவர்கூட அதைக் கவனித்திருக்கவில்லை. ஒரு கையின் விரல்கள் அழுந்தியிருக்க, மற்றதன் விரல்கள் தளர்ந்து கிடந்தன. அதற்குப் பிறகு அந்தச் சிற்பத்தின் முன்னால் நடந்த பேச்சே வேறு.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: சுவரெல்லாம் அமைதி வாசகங்களை ஒட்டாதீர்கள். விடையை முதலிலேயே எழுதிவைத்துவிட்டால் பிள்ளைகள் அதைத்தான் திருப்பிச் சொல்வார்கள். முதல் இரண்டு நிமிடம் விவரப் பலகையை மூடி வையுங்கள். "என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள், அப்புறம் "எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

இதற்குப் பழக, வகுப்பில் முன்கூட்டியே சில படங்களைக் காட்டலாம். நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் குழல் முடிச்சுப் போட்ட கைத்துப்பாக்கிச் சிற்பம் இருக்கிறது. 1980-இல் பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த பாடகர் ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு ஸ்வீடன் நாட்டுக் கலைஞர் கார்ல் ஃப்ரெட்ரிக் ராய்டர்ஸ்வார்ட் உருவாக்கியது. 1988-இல் லக்சம்பர்க் அதை ஐ.நா.வுக்குக் கொடுத்தது. அதைப் பார்த்த உடனே எல்லோருக்கும் புரிந்துவிடும். ஆனால் என் வகுப்பில் ஒரு பையன், "முடிச்சை அவிழ்த்துவிட்டால்?" என்று கேட்டான். அன்றைய பாடவேளை முழுவதும் அந்த ஒரு கேள்வியிலேயே போனது.

இன்னொன்று, லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆயுத நாற்காலி. ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கில் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போர் முடிந்த பின், மக்கள் ஒப்படைத்த துப்பாக்கிகளுக்குப் பதிலாகத் தையல் இயந்திரம், மிதிவண்டி போன்றவற்றைக் கொடுக்கும் திட்டம் ஒன்று நடந்தது. செயலிழக்கச் செய்த அந்தத் துப்பாக்கிகளின் துண்டுகளைக் கொண்டு கெஸ்டர் என்ற கலைஞர் 2001-இல் செய்த நாற்காலி இது. அதன் துப்பாக்கிகளில் ஒன்றுகூட மொசாம்பிக்கில் தயாரானது இல்லை. இதைச் சொன்னதும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இந்த நாற்காலியும் அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்து பள்ளிகளுக்கும் சிறைக்கும் போய் வந்திருக்கிறது. ஆகவே நீங்கள் செய்யப்போவது புதிய வேலை இல்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. போரிலிருந்து தப்பி வந்த குடும்பத்துப் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். சிற்பங்களின் படங்களை ஒரு வாரம் முன்பே பெற்றோருக்கு அனுப்புங்கள். பார்க்க விரும்பாத பிள்ளையைக் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். "உன் அனுபவத்தைச் சொல்" என்று யாரையும் எழுப்பி நிறுத்த வேண்டாம்.

பார்வையாளர்களுக்கு விளக்க ஆசிரியர்களைவிட மாணவர்களே மேல். பத்துப் பன்னிரண்டு பேர் போதும், ஒருவருக்கு ஒரு சிற்பம். மனப்பாடம் செய்ய விடாதீர்கள்.

சமூகக் கூடம் முற்றிலும் வேறு மாதிரி. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் வேறு வேலையாக வந்தவர்கள், நின்று பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்காது. நுழைவாயிலில் ஒரே ஒரு சிற்பம் வையுங்கள், பக்கத்தில் இரண்டு நாற்காலி போடுங்கள். கருத்துப் பதிவேட்டுக்குப் பதிலாக நாங்கள் சின்னச் சின்ன அட்டைகளில் ஒரு கேள்வி எழுதி வைத்தோம்: 'யாரோடு பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறீர்கள்?' பதிவேட்டில் வழக்கமாக வரும் "அருமை", "பாராட்டுகள்" எதுவும் வரவில்லை. "என் தம்பியோடு. ஒன்பது வருஷம் ஆச்சு" என்று ஓர் அட்டையில் இருந்தது. எழுத்து நடுங்கியிருந்தது, வயதானவராக இருக்க வேண்டும்.

பெட்டியைப் பிரிக்கும்போதே, உள்ளே சிற்பத்தைச் சுற்றி வைத்திருக்கும் ஒவ்வொரு ஸ்பாஞ்சுத் துண்டுக்கும் எண் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் திரும்பக் கட்டும்போது திண்டாடுவீர்கள். கடைசி நாள் வழிகாட்டி மாணவர்களையும் கூட நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் நாள் நிலை அறிக்கை எழுதியபோது கீழ் விளிம்பில் ஒரு கீறலைக் கண்டுபிடித்துச் சொன்ன பையன், பெட்டி மூடுவதற்கு முன் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கு சார், கூடலை" என்றான். மூடியைப் போட்டோம்.