ரிசல்ட் நன்றாக வந்தும் கால் ஆப்ஷன் விலை ஏன் விழுகிறது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு நண்பர் கேட்கிறார்: "காலாண்டு ரிசல்ட்டுக்கு முந்தைய நாள் கால் ஆப்ஷன் வாங்கினேன். மறுநாள் பங்கு ஏறியது, ஆப்ஷன் விலையோ இறங்கிவிட்டது. எப்படி?"

கால் ஆப்ஷன் என்பது குறித்த நாளில் குறித்த விலைக்குப் பங்கை வாங்கும் உரிமை; அதற்குக் கொடுக்கும் விலைதான் ப்ரீமியம். நீங்கள் கொடுத்த ப்ரீமியத்தில், பங்கு எவ்வளவு ஆடும் என்ற எதிர்பார்ப்புக்கும் ஒரு விலை இருக்கிறது. அதுதான் இம்ப்ளைடு வோலட்டிலிட்டி. ரிசல்ட் நெருங்க நெருங்க அது ஏறும், செய்தி வந்ததும் பொசுக்கென்று விழும். ஏற்காட்டில் கோடை விழா சமயத்தில் எகிறும் அறை வாடகை, விழா முடிந்ததும் இறங்குவது போலத்தான்.

சரி, "கால், புட் இரண்டையும் வாங்கினால்?" என்று அடுத்து கேட்பீர்கள். (புட் என்பது அதேபோல விற்கும் உரிமை.) ஒரு கற்பனைக் கணக்கு: பங்கு 1,500 ரூபாய். 1,500 ஸ்ட்ரைக் (உரிமையில் குறித்த விலை) கால் 40, புட் 38, மொத்தம் 78. மறுநாள் பங்கு 3 சதவீதம் ஏறி 1,545. கால் 54 ஆகலாம், புட் 8 ஆகலாம். மொத்தம் 62தான். இப்படி இரண்டையும் வாங்கியவருக்கு, நகர்வு சந்தை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தால்தான் லாபம்.

ஆப்ஷனை விற்பவருக்கு இது சாதகம் என்பார்கள். ஆனால் பல நிறுவனங்கள் மாலையில் சந்தை மூடிய பிறகே ரிசல்ட் வெளியிடுகின்றன. காலையில் பங்கு 10 சதவீதம் தள்ளித் திறந்தால் ஸ்டாப் லாஸ் (நஷ்டத்தை ஒரு விலையில் நிறுத்தப் போட்டுவைக்கும் ஆர்டர்) காப்பாற்றாது.

அப்புறம், நம் நாட்டில் பங்கு ஆப்ஷன்களுக்கு டெலிவரி செட்டில்மென்ட், அதாவது பங்கே கைமாறும். எக்ஸ்பைரி (ஒப்பந்தம் முடியும் நாள்) அன்று பங்கு விலை ஸ்ட்ரைக்குக்கு மேலே நின்று, கால் கையில் இருந்தால், ஒரு லாட் (ஒப்பந்தத்தில் உள்ள மொத்த) பங்குக்கு முழுப் பணமும் கட்ட வேண்டிவரும்.