துத்தத்துக்குத் தனி டப்பா: வாசகர் கேள்விகள்

மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட் என்கிற நீலச் செம்பு உப்பு, பற்றி வந்த கடிதங்களை இந்த இதழுக்கென்றே எடுத்து வைத்திருந்தேன். தோப்புக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், ஆடு வளர்ப்பவர் கேட்டிருக்கிறார், ஒரு தாயும் கேட்டிருக்கிறார். அவர் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்காக மயில்துத்தத்தில் நீலப் படிகம் வளர்க்கிறாள். நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாக வாங்கினோம். இப்போது அடுக்களை ஜன்னலில், எவர்சில்வர் டம்ளருக்குள் நூலில் தொங்குகிறது. ஆபத்து உண்டா டீச்சர்?
(வாசகி, வீரவநல்லூர்)

படிகம் வளரட்டும் அம்மா, அதைத் தடுக்க வேண்டாம். ஆனால் டம்ளரை இன்றைக்கே அடுக்களையிலிருந்து எடுத்துவிடுங்கள். அம்பாசமுத்திரத்தில் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்திய காலம் முழுக்க நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். துத்தம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் யாரையும் கெடுப்பதில்லை. வீட்டுப் பாத்திரத்துக்குள் போன பிறகுதான் கெடுக்கிறது. கரைந்த துத்தம் பார்க்க அவ்வளவு அழகான நீலம். மூன்று வயதுக் குழந்தைக்கு அது கலர் சர்பத். குழந்தையின் உடம்புக்குச் சிறிதளவே போதும், பெரிய கேடு வந்துவிடும்.

ஒரு கண்ணாடிப் பாட்டிலை இதற்கென்றே ஒதுக்குங்கள். 'மயில்துத்தம், விஷம்' என்று உங்கள் மகள் கையாலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். மூடியில் துளை போட்டு நூலைத் தொங்கவிடலாம். பாட்டில் இருக்க வேண்டிய இடம் பூட்டுகிற அலமாரி. பொட்டலத்தைப் பிரிக்கும்போது தூள் பறக்கும், மூக்கும் கண்ணும் எரியும். அதனால் கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் பிரிக்கட்டும். தொட்ட கையோடு முறுக்கு எடுக்கக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான். அந்த டம்ளரையும், கலக்கிய கரண்டியையும் இனிமேல் சாப்பாட்டுக்கு எடுக்க வேண்டாம்.

கண்காட்சி முடிந்ததும் மிச்சக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். பாட்டிலின் வாயை மெல்லிய துணியால் கட்டி, அந்தப் பூட்டிய அலமாரிக்குள்ளேயே வற்ற விட்டால் துத்தம் மறுபடி உப்பாகவே கிடைத்துவிடும். அதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிடலாம்.

எலுமிச்சையில் பிசின் வடிகிறது. போன வருஷத் துத்தம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிச்சம் இருக்கிறது, மேலே வெள்ளை பூத்துவிட்டது. போர்டோ பசைக்கு ஆகுமா? கலக்கும் முறையையும் சொல்லுங்கள். இயற்கை விவசாயத்தில்கூட இதை விடுகிறார்களாமே, அப்படியென்றால் பயம் இல்லைதானே?
(வாசகர், புளியங்குடி)

அண்ணாச்சி, வெள்ளை பூத்தது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. துத்தப் படிகத்துக்குள் தண்ணீர் இருக்கிறது, நீலம் வருவதே அதனால்தான். நம் ஊர் வெயிலில் மேல்பகுதி நீரை இழந்து வெளுத்துவிடும், தண்ணீரில் போட்டால் மறுபடி நீலமாகிவிடும். தாராளமாகப் பயன்படுத்தலாம். எனக்குக் கவலை அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் மேல்தான். நாளைக்குத் தோப்புக்கு வரும் பேரன் அதை எப்படிப் பார்ப்பான் என்று யோசித்துப் பாருங்கள். வாங்கிய பையோடு, பெயர் தெரியும்படி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துப் பூட்டுங்கள். தகரம், இரும்பு எதுவும் வேண்டாம், துத்தம் ஓட்டை போட்டுவிடும்.

கலவைக்கு வருவோம். போர்டோ என்பது துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சை மருந்து. இலையில் தெளிக்கும் ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். தண்டில் பூசும் பசைக்கு அதே 1 கிலோவும் 1 கிலோவும், தண்ணீர் மட்டும் 10 லிட்டர். துத்தத்தை இடித்துத் தூளாக்க வேண்டாம், அந்தத் தூசுதான் நெஞ்சுக்குள் போகும். சாக்குத் துணியில் முடிந்து, பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரின் மேல்மட்டத்தில் முங்குகிற மாதிரி ராத்திரியே தொங்கவிட்டுவிடுங்கள். கரைய கரைய நீலம் இழை இழையாகக் கீழே இறங்கும், காலையில் முடிச்சு காலியாக இருக்கும். சுண்ணாம்புதான் அவசரக்காரன். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, முகத்தைத் தள்ளி வைத்துத் தாளியுங்கள். இரண்டும் ஆறிய பிறகு, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக்கொண்டே மரக்கம்பால் கலக்க வேண்டும். சுண்ணாம்பைத் துத்தத்தில் ஊற்றக் கூடாது.

அப்புறம் அரிவாள் சோதனை. துரு தேய்த்த அரிவாளின் நுனியைக் கலவையில் ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். இரும்பில் செம்பு நிறம் ஏறியிருந்தால் துத்தம் இன்னும் அடங்கவில்லை, இலையைக் கருக்கிவிடும். சுண்ணாம்புப் பால் இன்னும் கொஞ்சம் சேர்த்து, அரிவாளைத் தேய்த்து, மறுபடி முக்குங்கள். நிறம் ஏறாமல் வந்தால்தான் சரி. கலக்கிய அன்றைக்கே தெளித்துத் தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் வேலை செய்யாது.

இயற்கை விவசாயத்தில் கட்டுப்பாட்டோடு அனுமதி உண்டு என்பது உண்மை. அதை வைத்துப் பயமில்லை என்று சொல்ல முடியாது. இந்தக் கலவையின் பிறப்பிடம் பிரான்சில் போர்டோ பக்கத்துத் திராட்சைத் தோட்டங்கள். சாலையோரக் குலைகளை வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருக்க, விஷம் என்று கண்ணுக்குத் தெரியும்படி துத்தமும் சுண்ணாம்பும் பூசி வைத்தார்கள். பூசிய கொடிகள் பூஞ்சை நோய்க்குத் தப்பியதைப் பார்த்து ஆராய்ந்து, 1885இல் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் உலகுக்குச் சொன்னார். அதே கலவையை வருஷக்கணக்காகத் தெளித்த போர்ச்சுகல் தொழிலாளர்களுக்கு நுரையீரல் கெட்டதை 1969இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதனால் முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். ஆடிக் காற்றில் அடிக்கவே கூடாது. பணகுடி, வள்ளியூர் பக்கத்தார் இதை இரண்டு தடவை படியுங்கள். கணவாய்க் காற்று உங்கள் மருந்தைப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

கிணற்றில் பாசி. துத்தம் போட்டால் தெளியும் என்கிறார்கள். போடலாமா?
(வாசகர், நாங்குநேரி)

வேண்டாம். செம்பு மக்கி மறைகிற பொருள் இல்லை, போட்டது தண்ணீரிலும் அடிச்சேற்றிலுமாக அங்கேயே கிடக்கும். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. கிணற்றின் கொள்ளளவை அளக்காமல் கை மதிப்பில் போட்டால் அதை எளிதாகத் தாண்டிவிடும். மீனுக்கு இது கொடிய விஷம். செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் இருக்கும் உயிர்க்காற்றையும் தின்றுவிடும். கிணற்றைத் தூர் வாரி, வெயில் படாமல் மூடுங்கள்.

இதே காரணத்துக்காக, மருந்தடித்த மிஷினை வாய்க்காலில் அலசாதீர்கள். அந்தத் தண்ணீர் போய்ச் சேருவது குளத்துக்கு. கூந்தன்குளத்துக்கு வரும் பறவைகள் குளத்து மீனை நம்பித்தான் குஞ்சு பொரிக்கின்றன. அலசிய தண்ணீரைத் தோப்புக்குள்ளேயே, மரங்களுக்கு ஊற்றிவிடுங்கள்.

மழைக்காலத்தில் ஆடுகளுக்குக் குளம்பு அழுகுகிறது. துத்தத் தண்ணீரில் நடக்கவிடச் சொன்னார்கள். வெள்ளாடும் செம்மறியும் கலந்து வைத்திருக்கிறேன்.
(வாசகர், மானூர்)

செய்யலாம், ஆனால் செம்மறி விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள் தம்பி. செம்மறியின் ஈரல் செம்பைச் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது, ஒருநாள் திடீரென்று ரத்தம் உடைந்து, சிறுநீர் கருத்து, ஆடு விழுந்துவிடும். வெள்ளாடு இதைவிடத் தாங்கும். அதனால் முதலில் நல்ல தண்ணீர் காட்டித் தாகம் தீர்த்துவிட்டுத்தான் துத்தத் தொட்டிக்கு ஓட்ட வேண்டும். தொட்டியில் வாய் வைக்க விடாதீர்கள், வேலை முடிந்ததும் திறந்து போடாதீர்கள். எவ்வளவு கரைப்பது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போர்டோ அடித்த தோப்பில் செம்மறிக் கிடை போடுவதும், அந்தப் புல்லை மேயவிடுவதும் வேண்டவே வேண்டாம்.

யாராவது தெரியாமல் விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?
(வாசகி, முக்கூடல்)

கூடாது. துத்தமே குமட்டி வாந்தி வரவைக்கும், நாமும் சேர்ந்து தூண்டினால் தொண்டை இன்னும் புண்ணாகும், மூச்சுக்குழாயிலும் இறங்கலாம். புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு எதுவும் கொடுக்க வேண்டாம். வாயைக் கொப்பளிக்க வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108ஐக் கூப்பிடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையோ, பக்கத்தில் உள்ள எந்த மருத்துவமனையோ, பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோங்கள். வாந்தி நின்றுவிட்டது, பிள்ளை விளையாடுகிறது என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். ரத்த அணுக்கள் உடைவதும், மஞ்சள் காமாலையும், சிறுநீரகக் கோளாறும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிஷம் கழுவிவிட்டு, கண் மருத்துவரிடம் போங்கள்.

பாட்டி காலத்துப் பித்தளைப் பானையில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கிறது. இதுவும் துத்தம்தானா?
(வாசகி, கல்லிடைக்குறிச்சி)

துத்தமே இல்லை, ஆனால் அதுவும் செம்பு உப்புதான், வயிற்றுக்கு ஆகாது. புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். உள்ளே ஈயம் பூசாத பானையில் தண்ணீர் காய்ச்சலாம். புளிக்குழம்பு, மோர், ரசம், ஊறுகாய் வேண்டாம். ஈயம் பூசக் கொடுக்கும்போது வெள்ளீயம்தானா என்று கேட்டு வாங்குங்கள். காரீயம் கலந்தது துத்தத்தைவிட மோசம்.