வெள்ளவத்தை வாசகருக்கு: .22 கைத்துப்பாக்கி வாங்குவதற்கு முன்

கேள்வி: எனக்கு வயது 41. வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் குடும்பத்துடன் வசிக்கிறேன். சென்ற ஆண்டு மெல்பேர்னில் மைத்துனரின் கழகத்திற்குச் சென்று, .22 ரிம்ஃபயர் கைத்துப்பாக்கியால் ஒரு பிற்பகல் முழுவதும் கடதாசி இலக்கில் சுட்டேன். அந்த மகிழ்ச்சி இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. இங்கே அப்படியொன்றைச் சொந்தமாக வாங்க முடியுமா, எதை வாங்குவது? துப்பாக்கி வீட்டுக்குள் வரவே கூடாது என்று மனைவி உறுதியாகச் சொல்கிறார்.

பதில்: நீங்கள் அனுபவித்த மகிழ்ச்சி உண்மையானது, அதைத் தொடர நினைப்பதும் நல்லதே. ஆனால் வாங்குவதைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தப் பிற்பகல் ஏன் அவ்வளவு இனித்தது என்பதை முதலில் விளங்கிக்கொள்வது பயன் தரும். .22 என்பது ஏறத்தாழ குண்டின் விட்டம், அங்குலத்தில். ரிம்ஃபயர் ரவையில், தீப்பற்றும் மருந்து ரவைக்கோதின் அடி விளிம்புக்குள்ளேயே தடவப்பட்டிருக்கும். விசையை அழுத்தும்போது ரவையை அடிக்கும் சிறு ஊசியான அடிமுள் அந்த விளிம்பை நசுக்கியதும் வெடிக்கும். 1857இல் சிறிய சுழல் துப்பாக்கியொன்றுக்காக அமெரிக்காவில் வெளிவந்த இவ்வகை .22 ரவை, 1887இல் .22 லோங் ரைபிள் என்ற வடிவத்தைப் பெற்று, இன்றுவரை பெரிதாக மாறாமல் நிலைத்திருக்கிறது. இதன் ஈயக் குண்டு சுமார் 2.6 கிராம் எடையுடையது. கைத்துப்பாக்கியிலிருந்து செக்கனுக்கு ஏறத்தாழ 300 மீற்றர் வேகத்தில் வெளியேறும். 9 மில்லிமீற்றர் ரவையோடு ஒப்பிட்டால் கையில் உணரும் பின்னுதைப்பு கால்பங்கு அளவுதான். அதனால் உடல் அஞ்சுவதில்லை, நூறு முறை சுட்ட பின்பும் மணிக்கட்டு தளர்வதில்லை, ஒவ்வொரு சூட்டிலும் தான் செய்த பிழையைச் சுடுபவர் தெளிவாகப் பார்க்க முடிகிறது. என் அனுபவத்தில் இந்தச் சிறிய ரவையின் முழு இன்பமும் இந்தத் தெளிவில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். குறிபார்க்க உதவுபவை இரண்டு: குழலின் முனையிலுள்ள சிறு மேடு முன்குறி, கண்ணுக்கு அருகிலுள்ள பள்ளமிட்ட தகடு பின்குறி. 25 மீற்றர் போட்டிக் கைத்துப்பாக்கியில் இவை இரண்டுக்கும் இடையிலான தூரம் 220 மில்லிமீற்றருக்கு மேற்படக்கூடாது. அந்த அளவில், முன்குறி பின்குறியின் பள்ளத்துக்குள் ஒரு மில்லிமீற்றர் விலகி நின்றால், 25 மீற்றர் தொலைவில் குண்டு சுமார் 114 மில்லிமீற்றர் தள்ளிப்போய் விழும். போட்டியில் நிதானமாகச் சுடும் துல்லியப் பகுதிக்குரிய இலக்கின் பத்துப்புள்ளி வட்டமோ 50 மில்லிமீற்றர் விட்டமே கொண்டது. மாறாக, இரு குறிகளும் சரியாகப் பொருந்தியிருக்க, முழுக் கையும் பத்து மில்லிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் பத்து மில்லிமீற்றர் மட்டுமே நகரும். ஆகவே புதியவர்கள் அஞ்சும் கைநடுக்கம் பெரிய எதிரி அல்ல. இலக்கைத் தெளிவாகப் பார்க்கும் ஆசையில் முன்குறியிலிருந்து கண்ணை எடுப்பதுதான் எதிரி. கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரியட்டும், முன்குறியின் மேல்விளிம்பு கூர்மையாகத் தெரியட்டும். இதை மனம் ஏற்றுக்கொள்வதற்குப் பலருக்கு மாதங்கள் பிடிக்கின்றன.

மற்றப் பிழை விசையில் நேர்கிறது. நான் கற்றுக்கொண்ட காலத்தில் என் பயிற்றுநர், எனக்குத் தெரியாமல் மகசினில் உயிரற்ற போலி ரவையொன்றைக் கலந்து வைத்தார். நான் விசையை அழுத்தினேன், வெடிக்கவில்லை, ஆனால் துப்பாக்கியின் முனை ஒரு விரற்கடை கீழே குத்தியது. வெடிக்கப் போகிறது என்று எண்ணி, வெடிப்பதற்கு முன்பே என் கை அதை எதிர்த்துத் தள்ளியிருந்தது. அந்த நாள் வரை நான் பின்குறியைத் திருகித் திருகிச் சரிசெய்துகொண்டிருந்தேன்! இந்தச் சோதனையைப் பயிற்றுநரிடம் கேட்டு வாங்குங்கள். இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது.

இனிச் சட்டம். இலங்கையில் துப்பாக்கிகளை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் அதற்கு 1996இல் வந்த கடுமையான திருத்தமும் ஆகும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பது பாரதூரமான குற்றம். அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். 2024இன் இறுதிப் பகுதியில், தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்டிருந்த துப்பாக்கிகளையே மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு பணித்ததை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஆசைப்பட்ட தனியொருவர் கடைக்குப் போய் கைத்துப்பாக்கி வாங்கிவரும் நாடு இதுவல்ல. மைத்துனரிடமிருந்து துப்பாக்கியையோ உதிரிப்பாகத்தையோ ஒற்றை ரவையையோகூட எழுத்துமூல முன் அனுமதியின்றிப் பயணப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். அந்தப் பிற்பகலின் நினைவாக வெற்றுக்கோது ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுவருவதும் வேண்டாம். கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றுக்கு, துவக்கு என்ற சொல்லே எத்தனை பழைய இரவுகளைக் கிளறும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அடியும் கடதாசியில் பதிவாகி, வெளிப்படையாக இருக்கட்டும்.

எனவே நடைமுறை வழி, விளையாட்டாகப் பயிற்சி நடைபெறும் கழகமொன்றில் சேர்ந்து, பயிற்றுநரின் கண்முன்னே கழகத்தின் துப்பாக்கியால் சுடுவதுதான். பெரும்பாலும் 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கியில் தொடங்குவார்கள். அதைத் தாழ்வாக எண்ணாதீர்கள். 4.5 மில்லிமீற்றர் குண்டு, 11.5 மில்லிமீற்றர் பத்துப்புள்ளி வட்டம். முன்குறியும் விசையும் பற்றி மேலே சொன்ன யாவும் அங்கே இன்னும் கடுமையாகப் பொருந்தும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் காற்றுக் கைத்துப்பாக்கியில் வெண்கலம் வென்ற இந்தியாவின் மனு பாக்கர், அதே போட்டிகளில் .22 பயன்படும் 25 மீற்றர் பிரிவில் நான்காவதாக வந்தார். இரண்டுக்கும் வேண்டிய கை ஒன்றே.

அனுமதி கிடைத்து, வாங்கும் நாளும் வந்தால், பெயரைப் பார்த்து வாங்காமல் பிடியைப் பார்த்து வாங்குங்கள். 1949 முதல் வரும் ரூகர் வகை உறுதியானது, சிக்கனமானது. வால்தர், பர்தீனி போன்ற நிறுவனங்களின் இலக்குக் கைத்துப்பாக்கிகள் போட்டிக்கென்றே செய்யப்படுபவை, விலையும் அதற்கேற்ப உயரும். கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, பின்பு கண்ணைத் திறக்கும்போது இரு குறிகளும் தாமாகவே பொருந்தியிருந்தால், அந்தப் பிடி உங்களுடையது. 25 மீற்றர் போட்டிகளில் விசையின் எடை, அதாவது அதை அழுத்தத் தேவையான பாரம், ஒரு கிலோகிராமுக்குக் குறையக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பராமரிப்பில் இரண்டு விடயங்களை வலியுறுத்துவேன். வெறுமனே விசையை அழுத்திப் பழகுவது நல்ல பயிற்சிதான்; ஆயினும் பல ரிம்ஃபயர் துப்பாக்கிகளில் ரவை இல்லாதபோது அடிமுள் நேரே ரவையறையின் விளிம்பில் மோதி அதைச் சிதைத்துவிடும். கையேடு அனுமதிக்காவிட்டால் போலி ரவை போட்டே பழகுங்கள். மற்றது நமது கடற்காற்று. காலி வீதிக்குக் கடல் பக்கமுள்ள வீடுகளில் யன்னல் கம்பிக்கு என்ன நேர்கிறது என்று உங்களுக்குத் தெரியும். உருக்குக் குழலுக்கும் அதுவே நேரும். சுட்ட அன்றே துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதிகளுடன் வையுங்கள். பஞ்சு பதித்த பெட்டியிலும் தோலுறையிலும் நீண்டநாள் வைக்க வேண்டாம். அவை ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும். ரவை வெடிக்காமல் போனால் முனையை இலக்குப் பக்கமே வைத்து முப்பது செக்கன் காத்திருங்கள். ரிம்ஃபயரில் இது அவ்வப்போது நடக்கும்.

இப்போது உங்கள் மனைவியின் நிபந்தனை. துப்பாக்கியைக் கழகத்தின் ஆயுத அறையிலேயே வைக்க அனுமதி கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் வாங்காதீர்கள். தொடர்மாடியில் பிள்ளைகள் ஓடித்திரியும், விருந்தினர் வந்துபோவர், சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் உறங்கும். அவர் சிந்தித்திருக்கக்கூடிய இன்னொன்றும் உண்டு: ஒவ்வொரு சூட்டிலும் ஈயத் தூசி கையிலும் சட்டையிலும் படிகிறது. சுடுதளத்தில் எதையும் உண்ணாதீர்கள்; முடிந்ததும் குளிர்ந்த நீராலும் சவர்க்காரத்தாலும் கை, முகம் கழுவுங்கள்; வீடு திரும்பியதும் உடை மாற்றி, அந்த உடையை வேறாகத் துவைத்த பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.