எல்லாச் சான்றும் கொடுத்தும் விசா மறுப்பு ஏன்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், அம்பத்தூரில் இருக்கிறேன். டொராண்டோவில் உள்ள மகனைப் பார்க்க நானும் மனைவியும் கனடா விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பித்தோம். கேட்டதெல்லாம் கொடுத்தும் மறுத்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரருக்கு இதே சான்றுகளுக்குக் கிடைத்துவிட்டது. மறுபடி அப்படியே போடலாமா?

பதில்: அப்படியே போட்டால் அதே பதில்தான் வர வாய்ப்பு அதிகம். பட்டியலில் உள்ள சான்றுகள் உங்கள் விண்ணப்பத்தை அதிகாரியின் மேசை வரை கொண்டுபோகும், அவ்வளவுதான். தங்கும் காலம் முடிந்ததும் ஊர் திரும்புவீர்கள் என்று அவருக்குத் தோன்ற வேண்டும். கனடா குடிவரவு விதி 179 சொல்வது இதைத்தான். இதற்கு இத்தனை லட்சம், இத்தனை சென்ட் நிலம் என்று அளவுகோல் கிடையாது. அதிகாரியின் விருப்புரிமை, அதாவது தானே எடைபோட்டு முடிவெடுக்கும் உரிமை, நுழைவது இங்கேதான். எதிர்வீட்டுக்காரர் முன்பே வெளிநாடு போய்த் திரும்பியவராக இருக்கலாம், மனைவியை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர் முடிவு உங்கள் அதிகாரியைக் கட்டுப்படுத்தாது.

பெரும்பாலும் நேர்காணல் இல்லை. ஸ்கேன் செய்த தாள்களே உங்களுக்காகப் பேசுகின்றன. விடுபட்டதை அவர் கேட்டு வாங்க வேண்டும் என்ற கடமையும் பொதுவாக இல்லை. மாதம் 30,000 ரூபாய் ஓய்வூதியம் வந்துபோகும் கணக்கில், விண்ணப்பிப்பதற்கு முந்தைய வாரம் 8 லட்சம் விழுந்தால் கைமாற்று என்றே சந்தேகிப்பார். நீங்கள் எஃப்டியை முடித்துப் போட்ட பணமாக இருந்தாலும் அது அவருக்கு எப்படித் தெரியும்? எஃப்டி ரசீது, முடித்த தேதி, வரவு வைத்த பக்கம் மூன்றையும் சேர்த்து ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். எஃப்டியை உடைக்காமல் ரசீதையே காட்டுவது இன்னும் நல்லது.

ஆடிட்டர் சான்றிதழை நம் ஊரில் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். சொத்து மதிப்பு உங்கள் வசதியைச் சொல்லும், திரும்புவீர்கள் என்று சொல்லாது. தம்பதியாகப் போகிறவர்களுக்கு இங்கே யார் காத்திருக்கிறார்கள் என்பதே முக்கியம்: சென்னையில் உள்ள மகள், நீங்கள் கவனித்துக்கொள்ளும் வயதான தாய், நடந்துகொண்டிருக்கும் சிகிச்சை. எது உண்மையோ அதைச் சான்றோடு எழுதுங்கள். மகனின் அழைப்புக் கடிதத்தில் ‘சில மாதங்கள்’ என்று இருக்கக் கூடாது; பயணத் தேதி, காரணம், செலவு யாருடையது எல்லாம் இருக்க வேண்டும், விண்ணப்பத்தோடு முரண்படவும் கூடாது.

அதற்கு முன் மறுத்த காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மறுப்புக் கடிதத்தில் இருப்பவை பெரும்பாலும் அச்சு வாசகங்கள். அதிகாரி எழுதிய குறிப்புகள் கடிதத்தோடு வரவில்லையென்றால், உங்கள் ஒப்புதலோடு மகன் அங்கிருந்தே 5 கனடா டாலர் கட்டி அந்நாட்டுத் தகவல் அறியும் சட்டப்படி கேட்கலாம்.

மறுப்பு தெரியவந்த 60 நாளுக்குள் கனடா பெடரல் நீதிமன்றத்துக்கும் போகலாம். ஆனால் நீதிமன்றம் விசா தராது. வென்றால் வேறோர் அதிகாரி புதிதாகப் பார்ப்பார். வக்கீல் செலவோடு ஒப்பிட்டால், ஆளுக்கு 100 கனடா டாலரில் திருத்திய விண்ணப்பம் போடுவதே மேல். கைரேகை 10 ஆண்டு செல்லும் என்பதால் அந்தக் கட்டணம் மறுபடி இல்லை.

புதிய படிவத்தில் ‘முன்பு விசா மறுக்கப்பட்டதா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றே எழுதுங்கள், அது எந்த நாட்டு மறுப்பாக இருந்தாலும் சரி. மறைக்கச் சொல்லும் ஏஜென்ட்டிடம் போகாதீர்கள். பிடிபட்டால் 5 ஆண்டு தடை ஏஜென்ட்டுக்கு அல்ல, உங்களுக்கு.