பத்து கிலோ முறுக்கும் ஒரு நாத்தனாரும்

திண்டுக்கல் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: ஒன்றரை வருடமாக வீட்டிலேயே முறுக்கு, தட்டை, சீடை போட்டு விற்கிறாராம். இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு ஆறாயிரம் ரூபாய் போட்டும் ஆர்டர் வரவில்லை, பழைய வாடிக்கையாளர்களும் நாலு மாதமாகக் குறைந்துவிட்டார்கள். 'வாய்வழி விளம்பரம்தான் சிறந்தது என்கிறார்கள், அதை எப்படி ஆரம்பிப்பது?' என்பது கேள்வி. நடுவில் ஒரு வரி: 'நாத்தனார் மகள் வளைகாப்புக்குக்கூட மாசியில் பத்து கிலோ நான்தான் கொடுத்தேன். பொங்கல் ஆர்டரில் மிஞ்சிய எண்ணெயிலேயே போட்டுச் சமாளித்தேன், சொந்தக்காரர்கள்தானே, விலையும் குறைத்துத்தான் வாங்கினேன். அதிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அது வேறு கதை.'

வேறு கதையா? உங்கள் கடிதத்தில் இருப்பதே அந்த ஒரு கதைதான், தாயே.

கணக்குப் போடுங்கள். பத்து கிலோவை நூறு கிராம் பாக்கெட்டாகப் போட்டால் நூறு பை. வெற்றிலை பாக்கு, வளையல், அதோடு உங்கள் முறுக்கு என்று நூறு வீட்டுக்குப் போயிருக்கிறது. மறுநாள் காலை காபிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு மாமியார் அதைப் பிரித்து ஒரு கடி கடித்திருப்பார், சிக்கு வாடை அடித்திருக்கும், மிச்சத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு 'யாரு போட்டதுடி இது?' என்று கேட்டிருப்பார். சம்பந்தி வீட்டிலிருந்தும் அதே கேள்வி வந்திருக்கும். அதற்கு 'என் தம்பி பொண்டாட்டி' என்று பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் நாத்தனார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் அவர் தலை குனிந்து நின்றதுக்கு நீங்கள் செய்து கொடுத்த தள்ளுபடி எத்தனை ரூபாய்?

ஆக, வாய்வழி விளம்பரம் மாசியிலேயே அமோகமாக ஆரம்பித்துவிட்டது. உங்கள் ஆறாயிரம் ரூபாயால் அதை எட்டிப்பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

1959இல் பம்பாய் கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் அப்பளம் இட ஆரம்பித்தார்களே, லிஜ்ஜத் அப்பளக்காரர்கள், அவர்களும் முதலில் உங்களைப் போலத்தான் நல்லது ஒரு விலை, மட்டமானது குறைந்த விலை என்று இரண்டு தரம் போட்டார்கள். கடன் கொடுத்து வழிகாட்டிய சகன்லால் பாரேக், ஒரே தரம்தான், அதில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். அப்புறம் அந்த அப்பளம் சாப்பிட்டவர்கள் வாய்ச்சொல்லிலேயே வீடு வீடாகப் போனது. மட்டமானதை வாங்கியவர் குறைந்த விலைக்கு வாங்கினேன் என்றா ஊரில் சொல்வார்? உங்கள் பெயரைத்தான் சொல்வார்.

எனக்கு இதில் பழைய பிடிவாதம் ஒன்று உண்டு. அடுப்பு மூட்டினால் முதல் ஈடு புகுந்த வீட்டுக்கு, மிச்சம்தான் விற்பனைக்கு. சொந்தம் என்பதால் மட்டம் போதும் என்று நினைக்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. இந்தப் பத்தியில் இருபது தடவையாவது எழுதியிருப்பேன், இன்னும் எழுதுவேன்.

எண்ணெய் விஷயம் உங்களுக்குத் தெரியாததில்லை. கருத்து, பிசுபிசுத்து, நுரை அடங்காமல், சட்டி காயும் முன்பே புகைந்தால் அந்த எண்ணெயின் ஆயுள் முடிந்தது. அடுத்த ஆர்டர் வரை எடுத்து வைக்காதீர்கள். பாக்கெட்டில் போட்ட தேதியை எழுதுங்கள். 'எல்லாருக்கும் சொல்லுங்க' என்று யாரிடமும் கேட்காதீர்கள், முறுக்கு நன்றாக இருந்தால் கேட்காமலே சொல்வார்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. புது எண்ணெயில் இரண்டு கிலோ சுடுங்கள். வளைகாப்புக்கு வாங்கிய பணத்தை ஒரு கவரில் போடுங்கள், முழுசாக. கணவரை அனுப்பாதீர்கள், நாத்தனார் வீட்டுக்கு நீங்களே போங்கள், 'தப்பு என் மேலதான்' என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். சம்பந்தி வீட்டுக்கும் ஒரு டப்பா தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள், அதை அவர் கையாலேயே கொடுக்கட்டும். நாத்தனார் டப்பாவைத் திறக்காமல் ஓரமாக வைத்தால் வைக்கட்டும். அவர் போடும் காபியைக் குடித்துவிட்டு வாருங்கள்.