படகுக் கறைக்கு மொசைக்காரர் மருந்து

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுகளுக்குத்தான் என்றாலும் கிழக்குக் கரையில் பட்டறை வேலை சூடுபிடிப்பது இந்த நாட்களில்தான். இந்த முறை வந்த கடிதங்களில் படகுக் கறைதான் அதிகம், அதனால் பகுதி முழுவதும் அதற்கே. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பிச்சாவரம் பக்கம் உப்பங்கழியில் கட்டிக்கிடக்கும் ஃபைபர் படகு, வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. தண்ணீர் நிற்கிற மட்டத்தில் சுற்றிலும் பழுப்பாக ஒரு பட்டை. சோப்பு, பாத்திரம் தேய்க்கும் பவுடர், கம்பி நார் எல்லாம் பார்த்தாயிற்று. கம்பி நாரில் கொஞ்சம் போனது, ஆனால் இரண்டு மாதத்தில் முன்பைவிடக் கறுத்துவிட்டது. என்ன செய்வது? (வாசகர், கிள்ளை)

கம்பி நாரை முதலில் தூரப் போடுங்கள். படகின் மேலே பளபளவென்று தெரிகிறதே, அந்த ஜெல்கோட்டின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான், அதற்கு அடியில் ரெசினில் ஊறிய கண்ணாடி நார். ஒவ்வொரு தேய்ப்புக்கும் அந்த அரை மில்லிமீட்டரில் கொஞ்சம் போகிறது, போனது வராது. அதோடு, சொரசொரப்பாகிவிட்ட இடத்தில் அடுத்த கறை இன்னும் வேகமாக ஏறும். இரண்டு மாதத்தில் கறுத்ததற்குக் காரணம் நீங்கள் தேய்த்ததுதான்.

உங்கள் படகில் இருப்பதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்திருக்கிறீர்கள். அது கறை. வாழைப்பூ ஆய்ந்தால் விரலில் ஏறும் கறுப்பு சோப்புக்குப் போகாதில்லையா, அந்த ஜாதி. சுரபுன்னைக் காட்டுத் தண்ணீரில் இலையும் பட்டையும் ஊறி ஊறி டானின் இறங்குகிறது, நம் பேச்சில் சொன்னால் துவர்ப்பு. சேற்றில் இரும்பு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் போட்டு மை காய்ச்சிய அந்தக் காலத்து ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த மாதிரி ஒரு மையைத்தான் உப்பங்கழி உங்கள் படகுக்கு நாள் தவறாமல் பூசிக்கொண்டிருக்கிறது. பருத்தி வலை இருந்த நாளில், வலை சீக்கிரம் இற்றுப்போகாமல் இருக்க மரப்பட்டைச் சாற்றில் ஊறவைப்பார்கள். வலையைக் காப்பாற்றிய அதே துவர்தான் ஃபைபரில் கறையாக நிற்கிறது.

இதைக் கரைக்க ஆக்சாலிக் ஆசிட் போதும். மொசைக் தரைக்குப் பாலிஷ் போட வந்தவர் கடைசியில் ஒரு வெள்ளைப் பொடியைத் தூவித் தேய்த்ததைப் பார்த்திருப்பீர்கள், அதுவேதான். கெமிக்கல் கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும். இரும்பைப் பிடித்துத் தண்ணீரில் கரைகிற பொருளாக மாற்றிவிடும், அதனால் தேய்க்க வேண்டிய அவசியமே இல்லை. படகுச் சாமான் கடைகளில் கறை நீக்கி என்று பாட்டிலில் வருகிற பலவற்றில் இருப்பதும் இதே சரக்குதான், விலை மட்டும் படகு விலை.

படகைக் கரையேற்றி, நிழலில் வைத்து, நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் உப்பும் பாசியும் போகக் கழுவுங்கள். எஞ்சின் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து மறுபடி சோப்பு போடுங்கள், ஏனென்றால் எண்ணெய்க்கு மேலே ஆசிட் ஊற்றினால் அது உருண்டு ஓடிவிடும், கறையைத் தொடவே தொடாது. இந்த இடத்தைத்தான் பெரும்பாலானவர்கள் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 60 முதல் 80 கிராம் பொடி, பிளாஸ்டிக் வாளியில் மட்டும், தண்ணீரை வைத்துக்கொண்டு பொடியைப் போட வேண்டும். பக்கவாட்டில் பூசினால் வழிந்துவிடுகிறதா, பழைய பருத்தித் துணியை நனைத்துக் கறைமேல் ஒட்டிவிடுங்கள், அல்லது போஸ்டர் ஒட்டுகிறமாதிரி மைதாக் கஞ்சி காய்ச்சி ஆறவைத்து அதில் கலந்து பூசுங்கள். 15, 20 நிமிஷம். காயவிடக் கூடாது, காய்ந்தால் வேலை நின்றுபோகும். பிறகு தாராளமாகத் தண்ணீர். மூன்று வருஷக் கறைக்கு இரண்டு முறை, மூன்று முறை போட வேண்டிவரும், பொறுமையாகப் போடுங்கள். எதற்கும் முதலில் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் செய்து பாருங்கள்.

ரப்பர் கையுறை, கண்ணாடி, பொடியைக் கலக்கும்போது மூக்குக்குத் துணி, இவை கட்டாயம். நான் முதல் தடவை வெறுங்கையோடு இறங்கி இரண்டு நாள் நகக்கண் எரிச்சலோடு சோறு பிசைந்தேன். வயிற்றுக்குள் போனால் விஷம், சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஆகவே மீதியைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைக்கும் வேலை மட்டும் வேண்டாம். வாளியில் மிஞ்சியதில் சமையல் சோடாவை நுரை அடங்கும்வரை போட்டுக் கரையிலேயே கொட்டுங்கள், கழியில் ஊற்றாதீர்கள்.

கறை போன பிறகு அந்த இடம் மங்கலாக இருக்கும். கம்பி நார் கோடுகள் வேறு. கார் பட்டறையில் கிடைக்கும் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து, நன்றாகத் துடைத்து, மெழுகு பூசிவிடுங்கள். கோடு ஆழமாக இருந்தால் மட்டும் 800 அல்லது 1000 நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது நனைத்துத் தேய்க்கும் மெல்லிய உப்புத்தாளை, தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம். மரத்துக்குப் போடுகிற 80 நம்பர் உப்புத்தாளைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள். மெழுகு பூசிய படகிலும் கறை வரும், ஆனால் அடுத்த முறை ஒரே பூச்சில் போய்விடும்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் கண்முன்னே பளிச்சென்று ஆகிறதே! (வாசகர், பழவேற்காடு)

ஆகும், இல்லை என்று சொல்லவில்லை. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், ஆக்சாலிக்கைவிட வேகம். ஆனால் அது கறையோடு நிற்காது. துத்தநாகம் பூசிய போல்ட், அலுமினிய பிராக்கெட், ட்ரெய்லர் சட்டம் எல்லாவற்றையும் அரிக்கும், ஸ்டீல் சாமானிலும் புள்ளி விழும். ஒரு முறை ஊற்றியதில் தெரியாது, அடுத்த மழைக்காலத்தில் தெரியும்.

அதற்கு நியாயமான ஒரு இடம் உண்டு. கொட்டலசு, அதாவது படகில் ஓட்டோடு ஒட்டி வளரும் சின்னக் கடல் உயிர், ஒட்டிக்கிடந்த இடத்தில் அதைச் சுரண்டிய பிறகும் வெள்ளை வெள்ளையாக வட்டம் நிற்கும் பாருங்கள், அது சுண்ணாம்பு, ஆக்சாலிக்குக்கு அசையாது. அங்கே மட்டும் தண்ணீர் கலந்து குறைத்த ஆசிட்டைத் துணியில் தொட்டு வைத்து, நுரை நின்றதும் உடனே கழுவிவிடலாம். அவசரம் இல்லாதவர்களுக்கு வினிகரே போதும், கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். கொட்டலசைச் சுரண்டுவதென்றால் படகு கரையேறிய அன்றே, ஈரம் காய்வதற்குள், மரத்துண்டாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ சுரண்டுங்கள். இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததைக் கத்தியால் நெம்பி, ஜெல்கோட்டோடு பெயர்த்துக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் இன்னும் வெளுக்குமா? (வாசகர், தூத்துக்குடி)

ஐயா, தயவுசெய்து வேண்டாம். எந்த ஆசிட்டோடு சேர்ந்தாலும் பிளீச்சிங் பவுடரிலிருந்து குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைப் பொசுக்கிவிடும். மூடிய கொட்டகைக்குள் செய்தால் வெளியே வர நேரம் இருக்காது. தனியாகப் போட்டாலும் பச்சைப் பாசியைக் கொல்லுமே தவிர இரும்புக் கறைக்கு அது மருந்தே இல்லை. காலையில் பிளீச், மாலையில் ஆசிட் என்றாலும் நடுவில் நன்றாகத் தண்ணீர் விட்டு அலசியிருக்க வேண்டும்.

கேள்வி: தினமும் மணலில் இழுத்துப்போடும் படகு எங்களுடையது. கோடு கோடாகக் கறை எதுவும் இல்லை, ஆனால் பக்கவாட்டில் கை வைத்தால் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறது. இது என்ன அழுக்கு? (வாசகர், நாகப்பட்டினம்)

அழுக்கே இல்லை, அது உங்கள் படகுதான் உதிர்கிறது! வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு ஜெல்கோட்டின் மேல்தோல் பொடியாகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் கட்டுமரம் இருந்த இடத்தில் எல்லாம் ஃபைபர் வந்து நின்றது. கட்டுமரத்தை வெயிலில் போட்டுக் காயவைத்தே ஆக வேண்டும், ஊறிய மரம் கனக்கும். அந்தப் பழக்கத்தில் ஃபைபரையும் அப்படியே வெயிலில் போட்டுவிடுகிறோம். இதற்கு நிழல்தான் வேண்டும்.

தினம் கரையேறுவதால் நீர்மட்டக் கறை உங்களுக்கு வராது, அந்த வகையில் கொடுத்துவைத்தவர். உதிர்கிற பொடிக்கு ஆசிட் ஒன்றும் செய்யாது. காம்பவுண்ட் போட்டுப் பொடியை எடுத்து, மேலே மெழுகு. அப்புறம் ஒரு பழைய தார்ப்பாயோ தென்னங்கீற்றோ போட்டு மூடிவையுங்கள். அடிப்பாகம் மணலில் உரசித் தேய்வது தனிப் பிரச்சினை, அங்கே மெழுகு பூசிப் பயனில்லை.

கேள்வி: ஏரியில் விடும் பெடல் படகுகள், அடியில் பச்சையாக வழுவழுவென்று இருக்கிறது. (வாசகர், கொடைக்கானல்)

பாசிதான். ஈரமாக இருக்கும்போதே சோப்புத் தண்ணீரும் தென்னை நார் பிரஷ்ஷும் போதும். அதற்கு அடியில் தேநீர் நிறத்தில் ஏதாவது தெரிந்தால் அது இலைக் கறை, கிள்ளைக்காரருக்குச் சொன்ன வைத்தியம் உங்களுக்கும்.

கேள்வி: கறையை மறைக்க மேலே பெயின்ட் அடித்துவிட்டால் என்ன? (வாசகர்கள் மூவர்)

அடிக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு, மெழுகு, ஆசிட் மிச்சம் எதன்மேல் அடித்தாலும் தோல் தோலாக உரியும், ஆகவே கழுவுகிற வேலை எப்படியும் தப்பாது. கழுவினாலே கறை போய்விடும் என்னும்போது பெயின்ட் எதற்கு என்பது என் கட்சி. எப்போதும் தண்ணீரிலேயே கிடக்கும் படகுக்கு, நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும், கொட்டலசும் பாசியும் பிடிக்காத பெயின்ட் அடிப்பது வேறு விஷயம், அது நல்லதுதான். ஆனால் எங்கேயாவது பழைய சரக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். ட்ரைபியூட்டைல் டின் கலந்த பெயின்ட் கடல் நத்தைகளையும் சிப்பிகளையும் கெடுத்ததால், 2001இல் போட்ட சர்வதேச ஒப்பந்தம் 2008இல் நடைமுறைக்கு வந்து அதைத் தடைசெய்துவிட்டது. பெயின்ட் அடித்த அடிப்பாகத்தை உலர்ந்த தாளால் தேய்க்கவும் வேண்டாம், அந்தத் தூசு உங்களுக்கும் விஷம். தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும்.

கேள்வி: தேய்த்துத் தேய்த்து ஒரு இடத்தில் நார் தெரிந்துவிட்டது. ஜெல்கோட் வாங்கி நானே பூசினேன், நாலு நாள் ஆகியும் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. சரக்கு மோசமா? (வாசகர், தொண்டி)

சரக்கின்மேல் பழி போடாதீர்கள். சாதாரண ஜெல்கோட் காற்று படும் பக்கத்தில் முழுசாக இறுகாது. அச்சுக்குள் ஊற்றும்போது அந்தப் பக்கம் அச்சோடு ஒட்டியிருக்கும், அதனால் பிரச்சினை வராது. நீங்கள் வெளியிலிருந்து பூசியதால் அது திறந்து கிடக்கிறது. பூசியவுடன் மேலே பாலிதீன் தாளைக் காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டி ஓரத்தை டேப் போட்டு மூடிவிட வேண்டும். இப்போது ஒட்டுவதை அசிட்டோன் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். அடியில் கெட்டியாக இருந்தால் வாட்டர் பேப்பரால் தேய்த்து மெழுகு போடலாம். அடியும் மெத்தென்று இருந்தால், ஜெல்கோட் இறுகுவதற்காகக் கலக்கும் கேட்டலிஸ்ட் குறைந்திருக்கிறது, சுரண்டிவிட்டு மறுபடி பூசுவதைத் தவிர வழி இல்லை. பொதுவாக 100 கிராம் ஜெல்கோட்டுக்கு 1 முதல் 2 கிராம்.

கடையில் கேட்டலிஸ்ட்டையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் இரண்டு பாட்டிலாகக் கொடுத்திருந்தால், கோபால்ட்டை முதலில் ஜெல்கோட்டில் கலக்கி, அது முழுக்கச் சேர்ந்த பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் ஒரு கிண்ணத்தில் நேராக ஊற்றினால் வெடித்துத் தீப்பிடிக்கும். அலமாரியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.