ஆய்வில் 'மெட்டாடேட்டா' என்கிறார்களே, அது என்ன? எதற்கு?

தரவைப் பற்றிய குறிப்புதான் மெட்டாடேட்டா. ஓர் அட்டவணையில் 37.2 என்று இருக்கிறது. உடல் வெப்பமா, மழையளவா? எந்தக் கருவியில், என்றைக்கு, எந்த அலகில் அளந்தது? இதையெல்லாம் எழுதி வைக்காவிட்டால் அளந்தவருக்கே இரண்டு வருடத்தில் மறந்துவிடும். அடுத்தவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சமையலறையில் பெயர் ஒட்டாத டப்பா மாதிரிதான். சாம்பார் பொடியா, ரசப்பொடியா என்று முகர்ந்தாவது பார்க்கலாம். எண்ணுக்கு வாசனை கிடையாதே!

1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது அலகுக் குழப்பத்தால்தான். ஒரு மென்பொருள் உந்துதல் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது. இன்னொன்று அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது.

அப்புறம், கோப்பை இணையத்தில் ஏற்றினாலே தரவைப் பகிர்ந்தாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். குறிப்பில்லாத கோப்பைத் திறக்கத்தான் முடியும், பயன்படுத்த முடியாது.